கேட்பவர் யார் என்பதும் முக்கியம்: மின்னஞ்சல் தடுப்புப் பட்டியல்களும் டி.என்.எஸ். வழங்கிகளும்

ஒரு தொழிற்பேட்டையில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு சிறு நிறுவனங்களை எண்ணிப் பார்ப்போம். முதலாவது, உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்கூடம். இரண்டாவது, அட்டைப்பெட்டிகள் தயாரிக்கும் கூடம். இரண்டுமே தங்கள் பெயரில் மின்னஞ்சல் முகவரிகள் வைத்திருக்கின்றன. இரண்டின் அலுவலகத்திலும் அஞ்சலைப் பெற்றுப் பிரித்துத் தரும் வழங்கி ஒன்று, அதாவது சர்வர் ஒன்று, இயங்குகிறது.

திங்கட்கிழமை காலை முதல் நிறுவனத்துக்கு வெளிமாநிலத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. "கொள்முதல் ஆணையை வெள்ளிக்கிழமையே அனுப்பினோம். உங்கள் வழங்கி ஏற்க மறுத்துத் திருப்பிவிட்டதே" என்கிறார்கள். விசாரித்தால், மூன்று நாள்களாக எந்த அஞ்சலுமே உள்ளே வரவில்லை. அதே காலையில் இரண்டாவது நிறுவனத்தின் கணக்காளர் நேர்மாறான தொல்லையில் இருக்கிறார். வழக்கமாகத் தடுக்கப்படும் வேண்டா அஞ்சல்கள் எல்லாம் அணை உடைந்ததுபோல் உள்ளே வந்து குவிந்துள்ளன. அவற்றுள் ஒன்று, 'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று வங்கியின் பெயரில் வந்த போலி அஞ்சல்.

ஒன்றில் நல்லது வரவில்லை. மற்றொன்றில் கெட்டது நிற்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கக்கூடும். இணைய இணைப்பைச் சீர்செய்ய வந்த பணியாளர், வழங்கியின் அமைப்பில் 'டி.என்.எஸ். முகவரி' என்ற இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொதுச் சேவையின் எண்ணை எழுதிவிட்டுச் சென்றிருப்பார். இந்த ஒரு வரி எப்படி அஞ்சலின் தலைவிதியை மாற்றுகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முனைகிறோம். சொந்தமாக அஞ்சல் வழங்கி வைத்திருக்கும் தொழில்முனைவோருக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்ற வாடிக்கையாளர்களுக்கு, தாம் பெறும் அஞ்சலை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிய இது உதவும்.

பெயரை எண்ணாக்கும் ஏற்பாடு

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஐ.பி. முகவரி எனப்படும் எண்ணால் அறியப்படுகிறது. மனிதர்களுக்கு எண்களை விடப் பெயர்களே நினைவில் நிற்கும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாட்டுக்கே டி.என்.எஸ். என்று பெயர். இதன் அடிப்படையை அமெரிக்கக் கணினி அறிஞர் பால் மொக்கபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டு வகுத்தளித்தார்.

இதில் இரண்டு வகை வழங்கிகள் பணிபுரிகின்றன. ஒன்று, ஒரு பெயருக்கு உரிய விடையைத் தன்னிடமே வைத்திருக்கும் 'பொறுப்பு வழங்கி'. மற்றொன்று, நம் சார்பில் சென்று கேட்டு விடையைக் கொண்டுவரும் 'தேடு வழங்கி'. தேடு வழங்கி முதலில் வேர் வழங்கிகளிடம் கேட்கிறது. அவை காட்டும் வழியில் அடுத்த படிக்குச் செல்கிறது. இறுதியில் பொறுப்பு வழங்கியை அடைந்து விடை பெறுகிறது. பெற்ற விடையைக் குறிப்பிட்ட காலம்வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. அக்காலத்துக்குள் அதே கேள்வி மீண்டும் வந்தால் வெளியே செல்லாமலே பதில் சொல்லிவிடும்.

தேடு வழங்கியை நாமே நடத்தலாம். இணையச் சேவை நிறுவனம் தருவதைப் பயன்படுத்தலாம். அல்லது கூகுள் 2009இல் தொடங்கிய 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் 2018இல் தொடங்கிய 1.1.1.1 போன்ற பொதுச் சேவைகளை நாடலாம். வீட்டுக் கணினியில் செய்தி படிக்கவும் காணொளி பார்க்கவும் இவற்றுள் எதைப் பயன்படுத்தினாலும் குறையில்லை. அஞ்சல் வழங்கிக்கோ இந்தத் தேர்வு மிக முக்கியமானதாகிவிடுகிறது.

வாசலில் கேட்கப்படும் கேள்வி

வங்கிக் கிளைக்கு ஒரு காசோலை வந்தால், பணம் தருமுன் அதற்கு 'பட்டுவாடா நிறுத்த ஆணை' ஏதும் உள்ளதா என்று பார்ப்பது வழக்கம். அஞ்சல் வழங்கியும் அப்படித்தான். வெளியிலிருந்து ஓர் இணைப்பு வந்தவுடன், 'இந்த ஐ.பி. முகவரி வேண்டா அஞ்சல் அனுப்புவதாக ஏதேனும் பட்டியலில் உள்ளதா?' என்று கேட்கிறது. அந்தப் பட்டியலே தடுப்புப் பட்டியல்.

இத்தகைய பட்டியலை 1997இல் முதன்முதலில் தொடங்கியவர் பால் விக்ஸி. அவர் சார்ந்த அமைப்பின் சுருக்கப் பெயர் 'மாப்ஸ்'. ஸ்பேம் என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக எழுதினால் கிடைப்பது. முதலில் இப்பட்டியல் ரவுட்டர்களுக்கான வழித்தகவலாக அளிக்கப்பட்டது. பின்னர் டி.என்.எஸ். வழியே கேட்டறியும் முறை வந்தது. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் இன்று இத்துறையில் பரவலாக அறியப்பட்ட அமைப்பாகும்.

பட்டியலை வழங்க டி.என்.எஸ்.ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கேள்வியும் சிறியது, விடையும் சிறியது. உலகெங்கும் இயங்கும் ஏற்பாடு ஏற்கெனவே தயாராக இருந்தது. ஒரு முறை பெற்ற விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது.

கேட்கும் முறை எளிது. எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்வரிசையிலிருந்து 203.0.113.25 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். அஞ்சல் வழங்கி இதனைத் தலைகீழாக்கி, பட்டியலின் பெயரைப் பின்னால் சேர்த்து, '25.113.0.203.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க் என்ற பெயர் உண்டா?' என்று கேட்கும். ஐ.பி. முகவரியில் பெரும்பகுதி முன்னும் சிறுபகுதி பின்னும் வரும், டி.என்.எஸ். பெயரில் சிறுபகுதி முன்னும் பெரும்பகுதி பின்னும் வரும். ஆகவேதான் இந்தத் தலைகீழ் மாற்றம்.

'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று விடை வந்தால், அந்த முகவரி பட்டியலில் இல்லை என்று பொருள். 127.0.0.2 போன்ற ஓர் எண் வந்தால் பட்டியலில் உள்ளது என்று பொருள். கடைசி எண், எந்தக் காரணத்துக்காக என்பதைக் காட்டும். ஸ்பாம்ஹவுஸில் 2 என்பது வேண்டா அஞ்சலுக்குத் துணைபோகும் முகவரிகளையும், 4 முதல் 7 வரையிலானவை நச்சு நிரலால் பாதிக்கப்பட்ட கணினிகள் போன்றவற்றையும், 10, 11 ஆகியவை நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத வீட்டு இணைப்புகள் முதலியவற்றையும் குறிக்கும். இறுதி வகை குற்றச்சாட்டு அன்று. 'இந்த இணைப்பிலிருந்து வரும் அஞ்சல் அதற்குரிய வழங்கி வழியே வரவேண்டும்' என்ற அறிவிப்பு மட்டுமே.

கேட்பவர் முகம் தெரியாதபோது

இனி நம் கதையின் மையத்துக்கு வருவோம். கேள்வியை எழுப்புவது அஞ்சல் வழங்கி. ஆனால் பட்டியல்காரரின் வாசலில் போய் நிற்பது தேடு வழங்கி. ஆகவே பட்டியல்காரருக்குத் தெரிவது தேடு வழங்கியின் முகவரியே. உண்மையில் யாருக்காகக் கேட்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது.

முன்பு ஊருக்கு ஒரு பொதுத் தொலைபேசி இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளலாம். அந்த ஒரே எண்ணிலிருந்து நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ஒரு அலுவலகத்தை அழைத்தால், மறுமுனையில் இருப்பவருக்கு யார் அழைக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? பொதுத் தேடு வழங்கியின் நிலையும் அதுதான். உலகெங்கும் உள்ள எண்ணற்ற அஞ்சல் வழங்கிகளின் கேள்விகள் ஒரே வாசல் வழியே வந்து சேர்கின்றன.

பெரும்பாலான பட்டியல்கள் சிறு பயனாளர்களுக்கு இலவசம். பெருமளவில் கேட்போருக்குக் கட்டணம் உண்டு. கேட்பவர் சிறியவரா பெரியவரா என்று பிரித்தறிய முடியாத நிலையில், பொதுத் தேடு வழங்கிகள் வழியே வரும் கேள்விகளுக்கு உரிய விடையைத் தருவதில்லை என்று ஸ்பாம்ஹவுஸ் உள்ளிட்ட அமைப்புகள் முடிவு செய்துள்ளன. இணையச் சேவை நிறுவனத்தின் தேடு வழங்கியைப் பலர் ஒன்றாகப் பயன்படுத்தினாலும் வரம்பு மீறப்பட்டு இதே நிலை நேரலாம்.

மறுப்பு மூன்று வடிவங்களில் வெளிப்படும். ஒன்று, விடையே வராமை. அப்போது அஞ்சல் வழங்கி ஒவ்வோர் இணைப்புக்கும் காத்திருந்து காலம் கடத்தும். பின்னர், விடை கிடைக்காததால் அஞ்சலை உள்ளே விட்டுவிடும். இரண்டு, 'பட்டியலில் இல்லை' என்பது போன்ற விடை. அப்போது எல்லா முகவரியும் தூயதாகவே தோன்றும். அட்டைப்பெட்டி நிறுவனத்துக்கு நேர்ந்தது இத்தகைய ஒன்றே. இதில் எங்கும் பிழைச்செய்தி தோன்றாது. காவலாளி வாசலில் நிற்பதுபோலவே இருக்கும், ஆனால் யாரையும் தடுக்கமாட்டார்.

மூன்று, சிறப்பு எண்ணால் சொல்லப்படும் மறுப்பு. ஸ்பாம்ஹவுஸில் 127.255.255.254 என்றால் 'பொதுத் தேடு வழங்கி வழியே கேட்கிறீர்கள்' என்றும், 127.255.255.255 என்றால் 'அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்' என்றும் பொருள். இவை அஞ்சல் அனுப்பியவரைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல, கேட்பவருக்கான அறிவிப்புகள். ஆனால் 'எந்த எண் வந்தாலும் பட்டியலில் உள்ளது' என்று புரிந்துகொள்ளும்படி அமைக்கப்பட்ட வழங்கி, வந்த அஞ்சல் அனைத்தையும் திருப்பிவிடும். உதிரிபாகத் தொழிற்கூடத்தின் கொள்முதல் ஆணை திரும்பிப்போனது இப்படித்தான்.

முன்பு நடந்தவை

டி.என்.எஸ். விடை மாறினால் அஞ்சல் தடுமாறும் என்பதற்கு வரலாற்றிலும் சான்றுகள் உண்டு. 2003 செப்டம்பர் 15 அன்று, '.காம்', '.நெட்' பெயர்களை நிருவகிக்கும் வெரிசைன் நிறுவனம், பதிவே செய்யப்படாத பெயர்களைக் கேட்டாலும் தன்னுடைய ஒரு முகவரியை விடையாகத் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 'அனுப்புநரின் டொமைன் பெயர் உண்மையில் உள்ளதா?' என்று பார்த்துப் போலிகளைத் தடுத்துவந்த அஞ்சல் வழங்கிகளின் அந்தச் சோதனை பயனற்றுப்போனது. கடும் எதிர்ப்புக்குப் பின் அக்டோபர் 4 அன்று அது நிறுத்தப்பட்டது.

மற்றொன்று, ஓ.ஆர்.டி.பி. என்ற தடுப்புப் பட்டியலின் கதை. அது 2006 டிசம்பரில் மூடப்பட்டது. ஆயினும் பல அஞ்சல் வழங்கிகள் அதனிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில், அந்தப் பெயரில் எதைக் கேட்டாலும் 'பட்டியலில் உள்ளது' என்றே விடை வரத் தொடங்கியது. ஓராண்டுக்கு மேலாகத் தம் அமைப்பைத் திரும்பிப் பார்க்காதவர்களின் வழங்கிகள் நல்ல அஞ்சலையும் மறுத்தன. மூடப்பட்ட அலுவலகத்தின் முகவரியைப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் வைத்திருந்ததன் விளைவு அது.

2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் மீதே பெரும் தாக்குதல் நடந்தது. உச்சத்தில் நொடிக்குச் சுமார் 300 கிகாபிட் அளவு போக்குவரத்து ஏவப்பட்டதாக அதனைப் பாதுகாத்த கிளவுட்ஃபிளேர் தெரிவித்தது. யார் கேட்டாலும் விடை சொல்லும்படி கவனக்குறைவாகத் திறந்து விடப்பட்ட டி.என்.எஸ். வழங்கிகளே அத்தாக்குதலுக்குக் கருவியாயின. சொந்தத் தேடு வழங்கி வைப்பவர்கள் மனத்திற்கொள்ள வேண்டிய பாடம் இது.

தொழில்முனைவோர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அஞ்சல் வழங்கிக்கென்று தனியான தேடு வழங்கியை அதே கணினியிலோ அலுவலக வலையமைப்பிலோ நிறுவிக்கொள்ளலாம். அன்பவுண்ட், பைண்ட் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அது கேள்விகளைப் பொதுச் சேவைக்குத் தள்ளிவிடாமல், வேர் வழங்கியிலிருந்து தானே தேடும்படி அமைய வேண்டும். அலுவலகத்துக்கு வெளியிலிருந்து யார் கேட்டாலும் அது பதில் சொல்லக் கூடாது.

இரண்டாவதாக, சோதனை செய்ய வேண்டும். 2010இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5782 என்ற ஆவணப்படி, ஒவ்வொரு பட்டியலும் 127.0.0.2 என்ற முகவரியைச் சோதனைக்காக எப்போதும் 'உள்ளது' என்று சொல்ல வேண்டும், 127.0.0.1 என்பதை ஒருபோதும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டு கேள்விகளையும் அஞ்சல் வழங்கியிலிருந்தே கேட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முதலாவதற்கு 'இல்லை' என்று வந்தால் காவல் உறங்குகிறது. இரண்டாவதற்கு 'உள்ளது' என்று வந்தால் காவல் எல்லோரையும் விரட்டுகிறது. இச்சோதனையை நாள்தோறும் தானாக நடக்கும்படி வைத்தல் நன்று.

மூன்றாவதாக, எந்த எண்களைத் தீர்ப்பாக ஏற்பது என்பதை வரையறுக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருள்களில் இதற்கு வழி உண்டு. அறிவிப்பு எண்கள் வந்தால் அஞ்சலைத் திருப்பாமல், பொறுப்பாளருக்குத் தகவல் செல்லும்படி செய்யலாம்.

நான்காவதாக, அமைப்பை மாற்றும் நாள்களில் நிரந்தர மறுப்பைத் தவிர்த்துத் தற்காலிக மறுப்பையே தரும்படி அமைக்கலாம். அஞ்சல் நெறிமுறையில் 5இல் தொடங்கும் குறி நிரந்தர மறுப்பு. 4இல் தொடங்குவது 'பிறகு வருக' என்பதாகும். தற்காலிக மறுப்புப் பெற்ற அனுப்புநர் வழங்கி, குறைந்தது 4 முதல் 5 நாள்கள் மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது பொது நெறி. அதற்குள் பிழையைத் திருத்திவிட்டால் கொள்முதல் ஆணை தொலையாது.

நம்முடைய முகவரியே பட்டியலில் ஏறிவிட்டால் பதற்றம் வேண்டா. காரணத்தைப் பட்டியலின் வலைத்தளத்திலேயே பார்க்கலாம். பெரும்பாலும் அலுவலகக் கணினி ஒன்றில் நச்சு நிரல் இருக்கும். அல்லது ஒருவரின் கடவுச்சொல் களவு போயிருக்கும். முதலில் அதனைச் சரிசெய்துவிட்டு, பின்னர் நீக்கக் கோர வேண்டும். ஸ்பாம்ஹவுஸ் இதற்குக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை. ஆகவே 'பணம் கொடுத்தால் நீக்கித் தருகிறோம்' என்று வருவோரை நம்பக் கூடாது. நீக்கிய பின்னும் சிறிது நேரம் அஞ்சல் மறுக்கப்படலாம். தேடு வழங்கிகள் பழைய விடையை அதன் காலம் முடியும்வரை நினைவில் வைத்திருப்பதே காரணம்.

வாடிக்கையாளர் அனைவருக்கும்

இவை யாவும் தொழில்நுட்பப் பணியாளரின் கவலை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. வங்கிக் கணக்கில் அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை வரையறுத்து, இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி வேறோர் இடத்துக் குறையால் இழப்பு நேர்ந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை என்று அது நெறி வகுத்தது. அந்தத் தகவல் குறுஞ்செய்தியாக மட்டுமன்றி மின்னஞ்சலாகவும் வரலாம். நம் அஞ்சல் வழங்கி அதனைத் திருப்பிவிட்டாலோ, வேண்டா அஞ்சல்களின் குவியலில் அது மறைந்துபோனாலோ, பணம் போனதை நாம் அறிவதே தாமதமாகிவிடும். ஆகவே கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி இரண்டையும் கிளையில் பதிந்து, மாறும்போதெல்லாம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்; வேண்டா அஞ்சல் பெட்டியையும் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

தடுப்புப் பட்டியல் சரியாக இயங்கினாலும் போலி அஞ்சல் சில உள்ளே வரத்தான் செய்யும். பட்டியல் பார்ப்பது எங்கிருந்து வந்தது என்பதை. எழுதியவர் உண்மையில் வங்கிதானா என்பதை அன்று. அதற்கெனவே எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் ஆகிய சோதனைகள் உள்ளன. இவையும் டி.என்.எஸ்.ஸில் வெளியிடப்படும் குறிப்புகளைக் கொண்டே நடைபெறுகின்றன. தேடு வழங்கி பழுதானால் இவையும் தடுமாறும்.

பெயரைக் கண்டே உண்மையான வங்கித் தளத்தை அறிவதற்கு, 'பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயர்களுக்கு வங்கிகள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 22 அன்று அறிவுறுத்தியது. அதற்கு 2025 அக்டோபர் 31 வரை காலம் அளித்தது. இப்பெயர்களைப் பதியும் பொறுப்பு ஐதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனத்திடம் மட்டுமே உள்ளது. ஆகவே யாரும் விலைக்கு வாங்கி ஏமாற்ற வழியில்லை. அஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்குவதைவிட, வங்கியின் முகவரியை நாமே தட்டச்சு செய்து நுழைவது எப்போதும் பாதுகாப்பானது. ஓ.டி.பி., கடவுச்சொல், அட்டையின் பின்புற எண் ஆகியவற்றை எந்த வங்கியும் அஞ்சலில் கேட்பதில்லை. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

தொழிற்பேட்டையின் இரண்டு நிறுவனங்களுக்கும் தேவைப்பட்டது புதிய இயந்திரமோ பெருஞ்செலவோ அன்று. ஒரு வரியைத் திருத்துவதும், இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதுமே. கணக்குப் புத்தகத்தை மாதம் ஒருமுறை சரிபார்க்கும் வழக்கம் உடையோர், அந்தப் பணியோடு அஞ்சல் வழங்கியின் இந்தச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம்.